பின்பக்கக் கதவைப் பூட்டி வைக்கலாமா?

ஹோட்டல், லாட்ஜ் நடத்துபவர்களும் அங்கே வேலை பார்ப்பவர்களும் பாதுகாப்பு பற்றி அனுப்பிய கேள்விகளில் சில.

கேள்வி: வாடகை பாக்கி வைத்துவிட்டுப் பின்பக்கப் படிக்கட்டு வழியாகச் சிலர் நழுவிவிடுகிறார்கள். சரக்கும் அந்த வழியாகத்தான் வெளியே போகிறது என்று சந்தேகம். இரவில் மட்டுமாவது அந்தக் கதவுக்குப் பூட்டுப் போடலாமா?

பதில்: கூடாது. அதிலும் இரவில் பூட்டுவது இன்னும் மோசம். எல்லோரும் அசந்து தூங்கும் நேரம் அது. வெளியிலிருந்து வருபவரைத் தடுக்கத்தான் அந்தக் கதவுக்குப் பூட்டு. உள்ளிருந்து போகிறவர் சாவி தேடி நிற்கும் நிலை வரவே கூடாது. ‘சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது’, ‘பக்கத்திலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்குகிறது’ என்ற சமாதானமெல்லாம் புகை நிறைந்த படிக்கட்டில் எடுபடாது.

1980 நவம்பர் 21 அன்று லாஸ் வேகாஸில் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலில் தீப்பிடித்தது தரைத்தளத்து உணவகத்தில். இறந்த 85 பேரில் பெரும்பாலோர் மேல்மாடிகளில் இருந்தவர்கள். தீ அவர்களைத் தொடவே இல்லை, புகைதான் கொன்றது. படிக்கட்டுக் கூடமும் லிஃப்ட் குழியும் புகைபோக்கி போலப் புகையை மேலே இழுத்துக்கொண்டு போயின.

பூட்டுக்குப் பதிலாகப் பானிக் பார் போடுங்கள். கதவின் உள்பக்கம் இடுப்பு உயரத்தில் வரும் குறுக்குக் கம்பி அது. உடம்பால் அழுத்தினாலே கதவு திறக்கும். வெளிப்பக்கம் கைப்பிடி வேண்டாம். கம்பியை அழுத்தினால் அலறும் அலாரமும் ரிசப்ஷனில் எரியும் விளக்கும் சேர்த்து வைத்தால், நழுவுகிறவர் தெருவை எட்டும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். இந்த ஏற்பாடு இரண்டு வழியில் கெடும்: சிகரெட் பிடிக்கப் போகும் ஊழியர் தாழ்ப்பாள் குழியில் அட்டையை மடித்துச் செருகிவிடுவார், அல்லது அலாரத்தின் பேட்டரி தீர்ந்தது யாருக்கும் தெரியாமல் கிடக்கும். இரவுச் சுற்றில் செக்யூரிட்டி கதவைப் பார்த்துவிட்டுப் போனால் போதாது, கம்பியை அழுத்தி அலாரத்தைக் காதால் கேட்க வேண்டும்.

அப்படியே ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டுக் கதவைச் சோதியுங்கள். ஒரு சாண் திறந்து விட்டால், அது தானாக மூடி ‘கிளிக்’ என்று தாழ் விழ வேண்டும். கடைசி ஓரங்குலத்தில் தயங்கி நின்றால், டோர் குளோசரில் (கதவைத் தானாக மூடவைக்கும் கருவி) தாழ் விழும் வேகத்துக்கென்று உள்ள திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள். குளோசரில் எண்ணெய் வழிந்திருந்தால் திருகிப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். டிராலி போக வசதி என்று கீழே கட்டையைச் செருகுவதை விட்டுவிட்டு, ஃபயர் அலாரம் அடித்ததும் தானே விட்டுவிடும் காந்தப் பிடி வாங்குங்கள்.

வாடகை பாக்கிக்கு மருந்து செக்-இன் நேரத்தில் வாங்கும் முன்பணம். சரக்குக்கு: ஊழியர் வந்துபோக ஒரே வாசல், வெளியே போகும் எந்தப் பொருளுக்கும் கேட் பாஸ், குப்பைக்கு உள்ளே இருப்பது தெரிகிற பை. துண்டும் கரண்டியும் பெரும்பாலும் கறுப்புக் குப்பைப் பையில்தான் பயணம் போகின்றன.

கேள்வி: அறையில் வைத்த பணத்தைக் காணோம் என்கிறார் விருந்தினர். கார்டு பூட்டின் பதிவை எடுத்தால், ரூம் பாயின் கார்டு இரவு 2.40-க்குத் திறந்ததாகக் காட்டுகிறது. அவர் மாலை 4 மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டார். எப்படி விசாரிப்பது?

பதில்: முதலில் பூட்டை விசாரியுங்கள். பெரும்பாலான கார்டு பூட்டுகள் எந்தக் கம்ப்யூட்டரோடும் இணைந்தவை அல்ல. உள்ளே தனிக் கடிகாரம். அதுவும் பூட்டும் ஓடுவது பெரும்பாலும் நான்கு ஏஏ பேட்டரியில். பேட்டரி முழுக்கச் செத்த பிறகு மாற்றினால் கடிகாரம் நின்றுபோயிருக்கும் அல்லது பழைய நேரத்துக்குத் தாவியிருக்கும். மாற்றியவர் கையடக்கக் கருவியை வைத்து நேரத்தைத் திருத்தியிருக்க வேண்டும். பல இடங்களில் இந்தப் படி விட்டுப்போகிறது.

சோதிப்பது எளிது. ஒரு கார்டால் அந்தக் கதவைத் திறந்து, உங்கள் கடிகார நேரத்தை எழுதிக்கொண்டு, உடனே பதிவை எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பூட்டின் பிழை. சரியாக 12 மணி நேரம் வித்தியாசம் வந்தால், நேரம் வைத்தவர் காலை மாலையை மாற்றி வைத்திருக்கிறார், ‘இரவு 2.40’ என்பது பகலில் அறையைச் சுத்தம் செய்த 2.40. இதைப் பார்க்காமல் ஒருவரைத் திருடர் ஆக்கிவிடாதீர்கள். பதிவை எடுத்து முடிக்கும்வரை பேட்டரியைக் கழற்றவும் வேண்டாம். பூட்டின் நினைவில் நிற்பது கடைசிச் சில நூறு திறப்புகள் மட்டுமே, புதியது வர வர பழையது அழியும். ஆகவே பதிவு கைக்கு வரும்வரை அந்த அறையை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கடிகாரம் சரிதான் என்றால், அடுத்து சாவி ரிஜிஸ்டர். கார்டு திறந்தது என்றுதான் பூட்டு சொல்லும், யார் கையில் இருந்தது என்று சொல்லாது. ஷிஃப்ட் முடிந்து கார்டைத் திரும்ப வாங்கியவர் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டாரா? அந்தக் கட்டம் காலியாக இருந்தால் விசாரணை ரூம் பாயிடமிருந்து மேற்பார்வையாளரிடம் நகர்கிறது. உள்ளேயிருந்து கைப்பிடியைத் திருப்பித் திறப்பதைப் பல பூட்டுகள் பதிவதில்லை. சரியாகச் சாத்தாத கதவைத் தள்ளிக்கொண்டு போனவரின் பெயரும் எதிலும் இருக்காது.

கேள்வி: கார்டு சாவியை நகல் எடுக்க முடியும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. உலகெங்கும் ஹோட்டல்களில் பரவிய மைஃபேர் கிளாசிக் வகைக் கார்டின் மறைகுறி (தகவலைக் காக்கும் ரகசியக் குறியீடு) 2008-லேயே உடைக்கப்பட்டது. 2024 மார்ச்சில், பரவலாகப் பயன்படும் ஒரு வகைப் பூட்டில், அந்த ஹோட்டலின் ஏதோ ஒரு கார்டு கையில் இருந்தால் போதும், எந்த அறையையும் திறக்கும் கார்டு தயாரிக்கலாம் என்று ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 30 லட்சத்துக்கும் அதிகமான கதவுகளில் அந்தப் பூட்டு இருந்தது. உங்கள் பூட்டின் மாடலைச் சொல்லி, மென்பொருளும் கார்டு வகையும் புதுப்பிக்கப்பட்டனவா என்று நிறுவனத்திடம் எழுத்தில் பதில் கேளுங்கள். கதவின் உள்பக்கம், கார்டு பூட்டோடு சேராமல் தனியாகக் கையால் போடும் தாழ் அல்லது சங்கிலி எல்லா அறையிலும் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். விருந்தினர் உள்ளே இருக்கும்போது எந்தக் கார்டாலும் தாண்ட முடியாத தடை அதுதான்.

கேள்வி: ‘சாவியை உள்ளேயே வைத்துவிட்டேன், 305’ என்று வந்து நிற்பவரிடம் அடையாள அட்டை கேட்டால் கோபப்படுகிறார்.

பதில்: அட்டையும் உள்ளேதானே இருக்கும், பாவம். பதிவில் உள்ள பெயர், செல்போன் எண், தங்க வந்த தேதி ஆகியவற்றை அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள்; நீங்கள் படித்துக்காட்டி ‘சரிதானே?’ என்று கேட்காதீர்கள். பிறகு ஓர் ஊழியர் கூடவே போய்க் கதவைத் திறந்து, அங்கேயே அட்டையைப் பார்த்துவிட்டு வரட்டும். முதல்முறை சாவி கொடுக்கும்போது அறை எண்ணை உரக்கச் சொல்லாமல் உறையில் எழுதிக் காட்டுங்கள். லாபியில் காத்திருக்கும் அந்நியருக்கு ‘305’ கிடைப்பதே அப்படித்தான். வராந்தாவில் டிராலியோடு நிற்கும் ஹவுஸ்கீப்பிங் ஊழியர் யாருக்காகவும் தன் கார்டால் கதவைத் திறக்கக் கூடாது, ரிசப்ஷனுக்கு அனுப்பிவைக்க வேண்டும்.

கேள்வி: 16 கேமரா போட்டிருக்கிறோம். ஒரு திருட்டைத் தேடிப் பார்த்தால் ஒன்பது நாள் பதிவுதான் இருக்கிறது. வாசலில் வந்தவர் முகமும் கறுப்பாகத் தெரிகிறது. கேமராவை மாற்ற வேண்டுமா?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று எச்.265 என்ற வீடியோ சுருக்கும் முறையில் நொடிக்கு 2 மெகாபிட் எழுதுகிறது என்று வைத்தால், நாளுக்கு ஏறத்தாழ 21.6 ஜிபி. முப்பது நாளுக்கு 650 ஜிபி. பதினாறு கேமராவுக்கு 10 டிபியைத் தாண்டும். உங்களிடம் 3 அல்லது 4 டிபி வட்டு (ஹார்ட் டிஸ்க்) இருக்கலாம். பழைய எச்.264 முறையில் 4 மெகாபிட் ஓடினால் இதே வட்டு பாதி நாள்தான் தாங்கும். ஆகவே முறையை மாற்றுங்கள், ஆள் நடமாட்டமில்லாத இடங்களில் அசைவு இருந்தால் மட்டும் பதியும்படி வையுங்கள், மீதிக்கு வட்டைக் கூட்டுங்கள். கண்காணிப்புக்கென்றே வரும் வட்டு வாங்குவது நல்லது. சாதாரண வட்டு இரவு பகலாக எழுதும் வேலைக்குச் செய்யப்பட்டதல்ல.

முகம் கறுப்பாவது கேமராவின் குற்றம் இல்லை, வைத்த இடத்தின் குற்றம். கண்ணாடி வாசலைப் பார்த்தபடி வைத்தால் வெளிச்சம் முதுகுப்புறம் விழுந்து ஆள் நிழலாகிவிடுவார். வெளிச்சத்தையும் நிழலையும் சமன்செய்து காட்டும் டபிள்யூடிஆர் வசதி இருந்தால் அதை ஓடவிடுங்கள், அல்லது உள்ளே நுழைந்தவர் பக்கவாட்டில் திரும்பும் இடத்தைப் பார்க்கும்படி நகர்த்துங்கள். கூரையோடு ஒட்டி வைத்த கேமராவில் தொப்பியும் தலைமுடியும்தான் பதியும். முகம் வேண்டுமென்றால் இரண்டேகால், இரண்டரை மீட்டர் உயரம். பதிவுப் பெட்டியை ரிசப்ஷன் மேசைக்கு அடியில் வைத்திருந்தால் இன்றே பூட்டிய அறைக்கு மாற்றுங்கள். கல்லாவை உடைக்கிறவர் அதையும் கையோடு எடுத்துப் போவார்.

கேள்வி: குளியலறை நீராவிக்கே ஸ்மோக் டிடெக்டர் கத்துகிறது. கழற்றிவிடலாம் என்கிறார்கள் ஊழியர்கள்.

பதில்: நகர்த்துங்கள், கழற்றாதீர்கள். குளியலறைக் கதவிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். வெப்பத்தை மட்டும் உணரும் டிடெக்டரைப் படுக்கையறையில் மாற்றிப் போடுவது சரியல்ல. மெத்தை புகைந்து அறை முழுக்கப் புகை நிறைந்த பிறகும் அது சும்மா இருக்கும்.

ஒவ்வொரு செக்-அவுட்டுக்குப் பிறகும் சுத்தம் செய்பவர் தலையை நிமிர்த்தி அதைப் பார்க்கட்டும். அறைக்குள் புகைபிடிக்கிறவர் அதை மூடுவது பெரும்பாலும் நீங்களே குளியலறையில் வைத்த ஷவர் தொப்பியால்தான். எலாஸ்டிக் இருப்பதால் கச்சிதமாகப் பொருந்துகிறது. பெயின்ட் அடித்தபோது மாட்டிய பிளாஸ்டிக் மூடி மாதக்கணக்கில் அப்படியே இருப்பதும் உண்டு. இன்னொன்று: ஒரு டிடெக்டரைக் கழற்றினால் ஃபயர் அலாரம் பேனலில் ‘ஃபால்ட்’ விளக்கு எரியும். அதன் ஓசையை அமுக்கிவிட்டு வேலையைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டால், அடுத்து வரும் உண்மையான கோளாறும் அந்த ஒரே விளக்குக்குள் மறைந்துபோகும்.

கேள்வி: சமையலறையில் எந்தத் தீயணைப்புக் கருவி வைக்க வேண்டும்?

பதில்: எண்ணெய்ச் சட்டிக்கு வெட் கெமிக்கல் வகை (எண்ணெய்த் தீக்கென்றே உள்ள ரசாயனத் திரவம்), ஸ்விட்ச் போர்டுக்கு கார்பன் டை ஆக்சைடு. பின்னதை எண்ணெயில் அடித்தால் அதன் வேகத்திலேயே எரியும் எண்ணெய் சிதறும். நெருப்பு அணைந்தாலும் எண்ணெய் ஆறாததால் மறுபடி பற்றும். தண்ணீர் வேண்டவே வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1,700 லிட்டர் நீராவியாகும். அது எண்ணெயை உயரத் தூக்கி எறிந்துவிடும். முதலில் கேஸ் வால்வை மூடுங்கள், பிறகுதான் கருவி. வால்வு அடுப்புக்குப் பின்னால் இருந்தால் நெருப்பைத் தாண்டிக் கை நீட்ட வேண்டிவரும், அதனால் வாசல் பக்கம் இன்னொரு வால்வு வையுங்கள். கருவியையும் அடுப்பை ஒட்டி மாட்டாமல் வெளியேறும் வழியில் மாட்டுங்கள்.

கார்பன் டை ஆக்சைடு கருவியில் முள் காட்டும் மீட்டர் இருக்காது. எடை போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே இருக்க வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் நிரப்ப அனுப்புங்கள். சிம்னி வடிகட்டியைக் கழுவினால் மட்டும் போதாது. அதற்கு மேலே குழாய்க்குள் படிந்த எண்ணெய்ப் பிசின்தான் அடுப்புத் தீயை மொட்டைமாடிவரை கொண்டுபோவது.

கேள்வி: சீசன் இல்லாத மாதங்களில் ஒரு மாடியை மூடி வைக்கிறோம். திறக்கும் முன் கவனிக்க வேண்டியது?

பதில்: தண்ணீர்க் குழாய். 1976-ல் பிலடெல்பியாவின் பெல்வியூ ஸ்ட்ராட்ஃபோர்ட் ஹோட்டலில் மாநாட்டுக்கு வந்தவர்களிடையே பரவிய காய்ச்சலில் 30 பேருக்கு மேல் இறந்தார்கள். மறு ஆண்டு கண்டுபிடித்த கிருமிக்கு லெஜியோனெல்லா என்று பெயர் வைத்தார்கள். 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தேங்கிய நீரில் அது பெருகும். குடிப்பதைவிட ஷவர் சாரலை மூச்சில் இழுப்பதில்தான் ஆபத்து. மூடிய மாடியிலும் வாரம் ஒருமுறை எல்லாக் குழாயையும் சில நிமிடம் திறந்துவிடுங்கள். திறக்கும்போது சாரல் பறக்காதபடி ஷவர் தலையை வாளிக்குள் விடுங்கள். வெந்நீர்த் தொட்டி 60 டிகிரியில் இருக்கட்டும். சுடாமல் இருக்கக் குழாய் முனையில் கலப்பு வால்வு போடலாம்.

கேள்வி: அறை லாக்கர் திறக்கவில்லை என்று இரவில் கூப்பிடுகிறார்கள். மாஸ்டர் எண் எல்லா ஊழியருக்கும் தெரிந்தால் நல்லதுதானே?

பதில்: இல்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போது 000000 போல ஓர் எண் இருக்கும். அதை மாற்றாத லாக்கர் திறந்த அலமாரிதான். புது எண் டூட்டி மேனேஜருக்கு மட்டும். விருந்தினர் முன்னிலையில், அடையாளம் பார்த்து, இரண்டு ஊழியர் சேர்ந்து திறந்து, ரிஜிஸ்டரில் மூவரும் கையெழுத்துப் போடுங்கள். லாக்கரைப் பெயர்த்தே எடுத்துப் போக முடியாதபடி சுவரோடு போல்ட் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அலமாரியின் பின்பலகையில் முடுக்கிய திருகு ஒரு இழுப்புக்குத் தாங்காது.

கேள்வி: விட்டுச்சென்ற பொருளைச் சொல்ல விருந்தினர் வீட்டுக்கு உடனே போன் செய்யலாமா?

பதில்: வேண்டாம். அவர் அங்கே தங்கியதே வீட்டில் தெரியாமல் இருக்கலாம். பொருளைப் பையில் போட்டு, அறை எண், தேதி, எடுத்தவர் பெயர் எழுதிப் பூட்டி வையுங்கள். நகையும் பணமும் தனியாக லாக்கரில். அவராகக் கேட்டு வந்தால், என்ன பொருள், எங்கே வைத்தார் என்று அவரே சொன்ன பிறகு கொடுங்கள்.