காற்று பலமாக அடிக்கும்போது பாராசூட்டை எப்படித் தரையிறக்குவது?

வழக்கமாக 1000 அடியில் காற்றோடு போய், 600-இல் குறுக்கே திரும்பி, 300-இல் காற்றை எதிர்கொள்வார்கள். பலத்த காற்றில் உயரங்கள் அப்படியே இருக்கட்டும், இடத்தை மாற்றுங்கள்: எதிர்காற்றில் பாராசூட் அதிகம் முன்னேறாது, எனவே கடைசித் திருப்பம் இலக்குக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

தாழ வந்தபின் திசை தப்பென்று தெரிந்தால்? திரும்பவே கூடாது. திரும்பினால் பாராசூட் மூக்கைக் கவிழ்த்துப் பாயும். சரியாக விரிந்த பாராசூட்டோடு எலும்பு முறிவது பெரும்பாலும் இப்படித்தான். குறுக்குக் காற்றிலேயே இறங்குங்கள். சுமார் 10 அடியில் இரண்டு டாகிளையும் (பாராசூட்டைத் திருப்பும் கைப்பிடிகள்) சமமாக இழுத்து, கால்களைச் சேர்த்து உருளுங்கள்.

இறங்கியதும் காற்று இழுத்துப் போனால், ஒரு டாகிளை மட்டும் கைமாற்றிக் கைமாற்றிச் சுருட்டுங்கள்; துணி சரிந்துவிடும்.