அடிஸ் அபாபாவில் மூன்றாம் கோப்பை: கேள்வி பதில்

எத்தியோப்பியத் தலைநகரில் பதினோர் ஆண்டுகள் கல்லூரி ஆசிரியராக இருந்து ஊர் திரும்பிய ஒருவர், அந்நகரின் அன்றாட வாழ்வு குறித்த கேள்விகளுக்கு விடையளிக்கிறார்.

கேள்வி: அடுத்த மாதம் அங்கே பணியில் சேர இருக்கிறேன். முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும், ஐயா?

பதில்: மணி பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். அங்கே மணிக்கணக்கு விடியலில் தொடங்குகிறது. நமக்குக் காலை ஏழு மணி, அவர்களுக்கு ஒரு மணி. நமது நண்பகல் அவர்களுக்கு ஆறு. உதயத்திலிருந்து நாழிகை எண்ணியவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இது விநோதமாகத் தோன்ற வேண்டியதில்லை. ஆயினும் எட்டு மணிக்கு என்று அழைத்த ஒரு திருமண விருந்துக்கு நான் இரவு எட்டு மணிக்குப் போய் நின்றபோது, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். விருந்து பிற்பகல் இரண்டு மணிக்கே நடந்து முடிந்திருந்தது. யார் நேரம் சொன்னாலும், உள்ளூர்க் கணக்கா, 'ஃபெரெஞ்சி' கணக்கா என்று கேட்டுவிடுங்கள். ஃபெரெஞ்சி என்றால் வெளிநாட்டார். நம் 'பரங்கி'க்கு உறவுச் சொல்.

கேள்வி: இஞ்சரா என்பது தோசைதானே?

பதில்: இல்லை. தெஃப் என்னும் மிகச் சிறிய தானியத்தின் மாவைச் சில நாள் புளிக்க வைத்து, அகன்ற தட்டையான கல்லில் ஊற்றி, மூடி போட்டு வேக விடுவார்கள், திருப்பிப் போடுவதில்லை. ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் ஆப்பத்தைச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் நாள்தோறும் ஓடுபவன். அங்கே ஓட இடம் உண்டா?

பதில்: உண்டு. விடியலில் மஸ்கல் சதுக்கத்துக்குப் போனால் துணைக்கு ஆள் கிடைக்கும். ஓட்ட வீரர் ஹைலே கெப்ரசெலாசி தொடங்கிய பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் 2001 முதல் நடைபெற்று வருகிறது. அதில் பந்தயத்தைவிடத் திருவிழாவே மிகுதி. ஆனால் நகரம் ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் வாரம் நடந்தால் போதும். ஓடத் துணை சேர்ப்பவர் 'பன்னிரண்டு மணிக்கு வாருங்கள்' என்றால் அது காலை ஆறு மணி.

கேள்வி: பக்கத்து வீட்டு அம்மா காப்பி குடிக்க அழைத்திருக்கிறார். மூன்று கோப்பையும் குடித்தே ஆக வேண்டுமா?

பதில்: குடித்துவிட்டே எழுந்திருங்கள். அது காப்பி குடிப்பதற்கான அழைப்பு மட்டுமன்று. ஒரு பிற்பகலை அவருக்குத் தருகிறீர்களா என்னும் கேள்வி. தரையில் பசும்புல் பரப்பியிருப்பார்கள், சாம்பிராணி புகையும். பச்சைக் கொட்டையைக் கழுவி, உங்கள் கண்முன்னேயே வறுத்து, அந்தப் புகையை முகர்வதற்காக வாணலியை ஒவ்வொருவரிடமும் கொண்டுவருவார்கள். அப்போது கையால் புகையை முகத்தருகே இழுத்து, நன்றாக இருக்கிறது என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். பிறகு இடித்து, ஜெபெனா என்னும் கழுத்து நீண்ட மண்குடுவையில் கொதிக்க வைத்து, பிடியில்லாத சிறு கோப்பைகளில் ஊற்றுவார்கள். உடன் சோளப்பொரி வரும். சில வீடுகளில் காப்பியில் அருவதா என்னும் மூலிகையின் கொத்து ஒன்றையும் போடுவார்கள். முதல் சுற்று அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பரக்கா. பரக்கா என்றால் ஆசி.

கேள்வி: அதே தூளில் மீண்டும் மீண்டும் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைப்பதை நம் வீட்டில் கஞ்சத்தனம் என்போம். என் மைத்துனர் அங்கே கடையில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் மக்கியாத்தோ என்னும் இத்தாலியக் காப்பியைக் குடித்துவிட்டு அலுவலகம் போகிறார். இந்தச் சடங்கெல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்காகத்தானே?

பதில்: உங்கள் மைத்துனரும் சரி, அந்த அம்மாவும் சரி. 1936 முதல் 1941 வரை இருந்த இத்தாலியர் போய்விட்டார்கள். அவர்களுடைய காப்பி இயந்திரத்தை நகரம் தனதாக்கிக்கொண்டது. 1953இல் தொடங்கிய தொமோக்கா என்னும் காப்பிக் கடையில் உயர்ந்த மேசைகளைச் சுற்றி நின்றே குடிப்பார்கள். ஆனால் அலுவலக வாசலில் குட்டை முக்காலி போட்டு ஜெபெனாவோடு அமர்ந்திருக்கும் பெண்ணிடம் குடிப்பவர்களைப் பாருங்கள். அவர்கள் எழுத்தர்கள், காவலர்கள், ஓட்டுநர்கள். ஒருவர்கூடச் சுற்றுலாப் பயணி இல்லை. மூன்றாம் கோப்பை நீர்த்துத்தான் இருக்கும். சுவைக்காக அதை யாரும் குடிப்பதில்லை. இரண்டாம் கோப்பை வரை வராத பேச்சு அதற்குப் பிறகுதான் வரும்.

கேள்வி: முந்தைய பதிலை ஒட்டி ஒன்று கேட்கிறேன். கழுவுவது, வறுப்பது, இடிப்பது, ஊற்றுவது எல்லாம் பெண்கள்தானே? விருந்தினரின் ஓய்வு அவர்களுடைய உழைப்பு அல்லவா?

பதில்: ஆம். அந்த வேலை பெரும்பாலும் வீட்டின் இளம்பெண்ணின் தலையில்தான் விழுகிறது. பேச்சு சூடுபிடிக்கும்போது அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அண்டை வீட்டுப் பெண்கள் தங்களுக்குள் கூடிக் குடிக்கும் காப்பி வேறு வகை. அங்கே சமைப்பவளும் பேச்சில் இருப்பாள், ஊர்ச் செய்தி முழுவதும் அங்கேதான் அலசப்படும். பதினோர் ஆண்டுகள் குடித்தவன் நான், ஒருமுறைகூட இடிக்கவில்லை. இதற்கு மேல் வாதாட எனக்குத் தகுதியில்லை.

கேள்வி: இஞ்சரா கேழ்வரகுத் தோசை போல இருக்குமா?

பதில்: மேலே சொல்லியாயிற்று. திருப்பிப் போடுவதில்லை.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா?

பதில்: புதனும் வெள்ளியும் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களுக்கு நோன்பு நாள்கள், இறைச்சியும் பாலும் முட்டையும் சேர்ப்பதில்லை. 'பெயாய்நெத்து' என்று கேளுங்கள். இஞ்சராவின் மேல் பருப்பும் காயும் கீரையும் வட்டமாக வரும். (தோசையா என்று யாரும் கேட்க வேண்டாம்.)

கேள்வி: விசாவுக்கு எத்தனை நாள் ஆகும்?

பதில்: தூதரகத்தைக் கேளுங்கள்.

கேள்வி: பியாசா பகுதியில் பழைய கடைகளைச் சுற்றிப் பார்க்கலாமா?

பதில்: 2024இல் அதன் பெரும்பகுதியை இடித்துச் சாலையை அகலப்படுத்திவிட்டார்கள். நடைபாதை இப்போது அகலம். நின்று பேசத்தான் கடைகள் இல்லை.

கேள்வி: அலுவலக நண்பர்கள் அஸ்மாரி பாடகரைக் கேட்க இரவு மூன்று மணிக்கு வரச் சொல்கிறார்கள். புது ஊரில் அந்நேரத்தில் வெளியே போக அச்சமாக இருக்கிறது. அஸ்மாரி என்பவர் யார்?

பதில்: மசின்கோ என்னும் ஒற்றைத் தந்தி இசைக்கருவியை இசைத்தபடி, வந்திருப்பவர்களைப் பற்றி அங்கேயே பாட்டுக் கட்டுபவர். உங்களையும் விடமாட்டார். அவர்களுடைய சிலேடைக்கு 'மெழுகும் பொன்னும்' என்று பெயர்: மேற்பொருள் மெழுகு, அதை உருக்கி எடுத்தால் உள்ளே பொன். உங்களுக்கு மெழுகுகூடப் புரியாது. மற்றவர்கள் சிரிக்கும்போது சிரித்துவிட்டு, பாடகருக்குச் சில பிர் நோட்டுகளைக் கொடுத்துவிடுங்கள். இரவு மூன்று என்பது நமது ஒன்பது மணி. கேள்வியை அனுப்புவதற்கு முன் முதல் பதிலைப் படித்திருக்கலாம்.