தேசியப் பூங்காவை அரசு பார்த்துக்கொள்ளும்போது தன்னார்வ அமைப்புகள் எதற்கு?

கேள்வி: அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களை அரசாங்கமே நடத்துகிறது. அப்புறம் ஏன் பூங்காவுக்குப் பூங்கா ஒரு லாபநோக்கமற்ற அமைப்பு நன்கொடை கேட்கிறது? அவர்கள் செய்வதால் உண்மையிலேயே பயன் உண்டா?

உண்டு, நிறையவே உண்டு. எனக்கு நன்றாகப் பழக்கமான ஓர் இடத்தை வைத்தே சொல்கிறேன்.

நான் இருப்பது டெட்ராய்ட் பக்கம். அங்கிருந்து வடமேற்கே நாலரை மணி நேரம் கார் ஓட்டினால் மிச்சிகன் ஏரிக்கரையில், தேசியப் பூங்காத் துறை நடத்தும் ஸ்லீப்பிங் பேர் டியூன்ஸ் வரும். உறங்கும் கரடி மணற்குன்றுகள். ஏரி என்றதும் நம் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளாதீர்கள். மறுகரை தெரியாது, கடல் மாதிரி அலை அடிக்கும். பனியாறு விட்டுப்போன மேட்டின் மேல் காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டி, சில இடங்களில் ஏரி மட்டத்திலிருந்து 450 அடி உயரத்துக்கு நிற்கிறது.

அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்கள் சொல்லும் கதை இது. எதிர்க்கரையான விஸ்கான்சினில் காட்டுத்தீ. தாய்க் கரடி ஒன்று இரண்டு குட்டிகளுடன் ஏரியில் இறங்கி நீந்துகிறது. தாய் கரையேறித் திரும்பிப் பார்த்தால் குட்டிகளைக் காணோம். மூழ்கிப்போன குட்டிகள் வடக்கு, தெற்கு மானிட்டூ தீவுகளாயின. காத்துக் கிடந்த தாய் மணற்குன்றாகிவிட்டது. அந்தக் கரடிக் குன்று 1906-ல் 234 அடி இருந்தது, 1980-ல் 103 அடிதான். கீழே அலை அரிக்கிறது, மேலே காற்று கரைக்கிறது. மணலை அதன் போக்கில் விடுவதுதான் அங்கே பாதுகாப்பு. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

ஆனால் அதே பூங்காவுக்குள் வீடுகளும் இருக்கின்றன. வீட்டை அதன் போக்கில் விட்டால் இடிந்து விழும்.

செனட்டர் பிலிப் ஹார்ட் இந்தப் பூங்காவுக்கான மசோதாவை 1961-ல் கொண்டுவந்தபோது உள்ளூரில் கடும் எதிர்ப்பு. நிலம் போய்விடுமே என்ற பயம். இழுபறிக்குப் பிறகு 1970 அக்டோபரில் சட்டமானது. அரசு ஒவ்வொரு பண்ணையாக, ஒவ்வொரு கோடை வீடாக விலைகொடுத்து வாங்கியது. போர்ட் ஒனைடா என்ற கிராமம் முழுவதுமே அப்படிப் பூங்காவுக்குள் போனது. 1850-களில் ஜெர்மன் பகுதிகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் காட்டை வெட்டி, நீராவிக் கப்பல்களுக்கு விறகு விற்று, மரம் தீர்ந்ததும் அந்த மணல் மண்ணிலேயே விவசாயம் பார்த்த ஊர். 3,000 ஏக்கருக்கும் மேல். வயல், வேலி, வீடு, வைக்கோல் கொட்டகை, பள்ளிக்கூடம் என எல்லாம் ஒரே இடத்தில் மிஞ்சியிருக்கின்றன.

பூங்கா வந்தது மணலுக்காகவும் காட்டுக்காகவும். அதனால் ஆரம்ப வருஷங்களில் வீடுகளை யாரும் சொத்தாகப் பார்க்கவில்லை, இயற்கைக்கு நடுவே நிற்கும் இடைஞ்சலாகவே பார்த்தார்கள். பல கட்டடங்கள் இடிக்கப்பட்டன. மிச்சத்தைப் பூட்டி வைத்தார்கள். ஆள் புழங்காத வீடு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கூரையில் ஓர் ஓட்டை விழும், தண்ணீர் சுவர் வழியாக இறங்கி அடி உத்திரத்தில் நிற்கும், உத்திரம் உளுத்துப்போகும், ஒரு பனிக்காலத்தில் கொட்டகை ஒரு பக்கமாகச் சாயும். பார்க்கச் சகிக்காமல் 1998-ல் உள்ளூர்க்காரர்கள் தொடங்கிய அமைப்புதான் பிரிசர்வ் ஹிஸ்டாரிக் ஸ்லீப்பிங் பேர். கட்டடங்கள் அரசுடையவையாகவே இருக்கும். பூங்கா நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, பணம் திரட்டி, தச்சர்களையும் தன்னார்வலர்களையும் கூட்டிவந்து ஒவ்வொன்றாகப் பழுது பார்க்கிறார்கள்.

முதன்முதலில் நான் போனபோது கையில் கொடுத்தது ஒரு ஜன்னல். அதாவது சட்டத்தோடு கழற்றி மேசையில் கிடத்தியிருந்த ஆறு கண்ணாடிகள் பதித்த ஒரே ஜன்னல். வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் பட்டி என்று சொல்வார்களே, அந்தப் பட்டிதான் கண்ணாடியை மரத்தோடு பிடித்து வைத்திருக்கிறது. வருஷக் கணக்கில் காய்ந்து கல்லாகிவிட்டது. சூடு காட்டி, மெல்ல மெல்லச் சுரண்டி எடுக்க வேண்டும். அடியில் முக்கோணமாகச் சின்னச் சின்னத் தகடுகள் இருக்கும், அவற்றையும் பிடுங்கினால்தான் கண்ணாடி கழன்று வரும். ஒரு கண்ணாடிக்கு எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற பெரியவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, அந்தக் கண்ணாடியைத் தூக்கி வெளியே இருந்த மேப்பிள் மரத்துக்கு நேராகக் காட்டினார். தலையை லேசாக அசைத்தால் மரம் தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளிந்தது. பழைய முறையில் செய்த கண்ணாடி, சீராக இருக்காது. “இது உடைந்தால் கடையில் இதே மாதிரி கிடைக்காது, அவசரப்படாதீர்கள்” என்றார்.

பிறகு மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தடவி, புதுப் பட்டியைச் சப்பாத்தி மாவு போலக் கையால் பிசைந்து உருட்டி ஓரத்தில் அழுத்தி, கத்தியைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் வழிக்க வேண்டும். நடுவில் நின்றால் கோடு விழுந்துவிடும். இரண்டு நாளில் ஒரு ஜன்னல் முடித்தேன். உள்ளிருந்து பார்த்தால் பட்டி தெரியக்கூடாது என்பது கணக்கு. இரண்டு இடத்தில் தெரிந்தது, திரும்பவும் செய்தேன்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பூங்காவில் இப்படி 300-க்கும் மேல் பழைய கட்டடங்கள் உள்ளன. அரசு கொடுக்கும் பணம் சம்பளத்துக்கும் சாலைக்கும் கழிப்பறைக்கும் போகும். அந்த 450 அடிச் சரிவில் உற்சாகமாக இறங்கிவிட்டு ஏற முடியாமல் தவிப்பவர்களை மீட்கவும் ஆள் வேண்டும். இத்தனைக்கும் பிறகு ஒரு ஜன்னலுக்கு இரண்டு நாள் உட்கார யாருக்குச் சம்பளம் கொடுப்பார்கள்? பழைய மரத்தை முடிந்தவரை காப்பாற்று, முடியாவிட்டால் மட்டும் மாற்று என்பது அங்கே விதி. அந்த விதியைக் கடைப்பிடிக்கக் கை வேண்டும், பொறுமை வேண்டும். அதைத்தான் இந்த அமைப்புகள் கொண்டுவருகின்றன.

இன்னொன்றும் செய்தார்கள், குரல் கொடுத்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், பூங்காவின் பெரும்பகுதியை ஆள் தலையிடாத வனப்பகுதியாக அறிவிக்கும் திட்டம் வந்தது. அப்படியே நிறைவேறியிருந்தால் பல பழைய சாலைகளும் கட்டடங்களும் அந்த எல்லைக்குள் மாட்டியிருக்கும். ஊரே எழுந்து பேசியதால் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. பிறகு எல்லாரும் உட்கார்ந்து பேசி எல்லையைத் திருத்தி வரைந்தார்கள். 2014 மார்ச்சில் வந்த சட்டம் 32,557 ஏக்கரை வனமாக்கியது. சாலைகளும் பழைய பண்ணைகளும் அதற்கு வெளியே விடப்பட்டன. காடும் பிழைத்தது, கொட்டகையும் பிழைத்தது.

1994-ல் தொடங்கிய பிரெண்ட்ஸ் ஆஃப் ஸ்லீப்பிங் பேர் டியூன்ஸ் என்ற இன்னொரு அமைப்பும் அங்கே இருக்கிறது. ஹெரிடேஜ் டிரெயில் என்ற நீண்ட சைக்கிள் பாதையைப் பராமரிப்பது, பனிக்காலத்தில் அதையே சறுக்கிப் போகத் தோதாகச் சீர்செய்வது எல்லாம் அவர்கள் தன்னார்வலர்கள்தான். நடக்க முடியாதவர்களுக்காக டாங்கிச் சக்கரம் போட்ட மோட்டார் நாற்காலி வைத்திருக்கிறார்கள். பே வியூ பாதையில் மேடு பள்ளம் பார்க்காமல் அதில் போய் வரலாம். ஊரிலிருந்து வயதான அம்மா அப்பாவைக் கூட்டிவரும் நம்மவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பறவைகளையும் விட்டுவிடக் கூடாது. பைப்பிங் ப்ளோவர் என்று ஒரு குட்டி உப்புக்கொத்தி. கூழாங்கற்களுக்கு நடுவே வெறுந்தரையில் நான்கு முட்டை இடும். காலடிக்குக் கீழே இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பேரேரிகள் பகுதியில் ஒரு காலத்தில் இருபது ஜோடிக்கும் கீழே குறைந்துபோய், 1986-ல் அழியும் நிலையிலுள்ளவை பட்டியலில் சேர்ந்தது. 2023-ல் 80 ஜோடி. அவற்றில் கணிசமானவை கூடு கட்டுவது இந்தப் பூங்காவின் கரையில்தான். கூட்டைச் சுற்றிக் கம்பிக் கூண்டு, கயிறு கட்டிய எல்லை, பக்கத்தில் காவலுக்கு ஓர் ஆள். பெற்றோர் பறவை செத்துப்போய் முட்டை அநாதையானால் எடுத்துப்போய்ப் பொரிக்கவைத்து, வளர்ந்த குஞ்சைத் திரும்பக் கரையில் கொண்டுவந்து விடுகிறார்கள். பூங்கா ஊழியர், பல்கலைக்கழகம், டெட்ராய்ட் மிருகக்காட்சிசாலை, தன்னார்வலர் என்று பல கை சேர்ந்த வேலை அது.

எனக்கு ஒரு குறையும் உண்டு. நாங்கள் பழுது பார்ப்பதெல்லாம் குடியேறி வந்தவர்களின் வீடுகள். அமெரிக்க அரசுடனான 1836 ஒப்பந்தத்தில் இந்த நிலத்தைக் கொடுக்க நேர்ந்த அனிஷினாபே மக்களுக்கு இங்கே பூட்டிப் பாதுகாக்கக் கட்டடம் கிடையாது. கரடிக் கதையைப் பலகையில் எழுதி வைத்தால் மட்டும் போதாது, அவர்களே வந்து அவர்கள் வாயால் சொல்ல இன்னும் இடம் தர வேண்டும். இதை வேலைக்குப் போகும்போதெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நன்கொடை கொடுக்கலாமா என்று கேட்டால், கொடுங்கள். அதைவிட, ஆகஸ்டில் போர்ட் ஒனைடாவில் நடக்கும் பண்ணைத் திருவிழாவுக்கு ஒரு தடவை பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். ஒரு மரத்தின் செதுக்கிய முனை இன்னொரு மரத்தின் துளையில் இறங்கி மர ஆணியில் நிற்கும் கொட்டகைக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். நான் செய்த ஜன்னல் இப்போது ஒரு வீட்டின் வடக்குச் சுவரில் இருக்கிறது. அதே வீட்டில் மேற்குப் பக்கம் இன்னும் நான்கு பாக்கி, மே மாதம் போகிறேன்.