கடலூர் தேவனாம்பட்டினத்துல மீனவங்க பேச மாட்டேங்கிறாங்களா?
ரெக்கார்டர ரூம்லயே வச்சிட்டு போங்க. மூணு நாள் போயும், சுனாமி பத்தி நாடகம் போடறேன்னு சொன்னதும் எழுந்து போயிடறாங்கன்னு கேட்டிருக்கீங்க, எனக்கு அதுல ஆச்சரியமே இல்ல. 2004 டிசம்பர் 26க்கு அப்புறம் கேமராவோட வந்தவங்க எத்தன பேர், திரும்பி வந்தவங்க எத்தன பேர்?

இன்னொண்ணு, ஊர் பஞ்சாயத்தார பாத்து சொல்லாம நேரா கரைக்கு போயிருப்பீங்கன்னு நெனக்கிறேன். மொதல்ல அங்க போங்க.

அப்புறம் ஒரு நாள் மத்தியானமா வலை பின்ற எடத்துல சும்மா உக்காந்து பாருங்க. கால் கட்டவிரல்ல வலைய மாட்டி இழுத்துப் பிடிச்சிட்டு, ஊசி ஓடிட்டே இருக்கும், கண்ணு கடல் மேல இருக்கும், பேச்சு தானா வரும், வாடை கொண்டல்னு காத்து பேர்லாம் அதுலயே விழும். உங்க நடிகருக்கு அந்த கால்விரல் போதும், வசனம் அப்புறம். சுனாமிய நீங்களா எடுக்காதீங்க.

ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு போகாது, ஆளுங்க கரையில கெடைப்பாங்க. ஆனா வருமானம் இல்லாத 61 நாள் அது, மூடு பாத்து பேசுங்க, டீ காச நீங்க குடுத்துடுங்க.