மொட்டை மாடிக் குடிலுக்குள் தக்காளி ஏன் காய்க்கவில்லை?

கேள்வி: பெங்களூர் ராமமூர்த்தி நகரில் சொந்த வீடு. மகன் அனுப்பிய பணத்தில் மொட்டை மாடியில் 10க்கு 12 அடியில் ஒரு பசுமைக்குடில் போட்டோம். ஜிஐ பைப் சட்டம், மேலேயும் நாலு பக்கமும் பாலித்தீன் ஷீட், ஜிப் வைத்த கதவு. பிப்ரவரி தொடக்கத்தில் தக்காளி, குடைமிளகாய் நாற்று வாங்கி 30 பைகளில் நட்டேன். செடி நன்றாக வந்தது, பூவும் வைத்தது. மார்ச் பாதியிலிருந்து பூவெல்லாம் உதிர்கிறது. குடைமிளகாய் இலை சுருண்டு போகிறது. மதியம் உள்ளே போனால் மூச்சு முட்டுகிறது. குடிலைப் பிரித்துவிடட்டுமா? கேட்டுக்குள் இருக்கிற சின்னப் புல்தரையும் மஞ்சளாகிறது. ஆர்ஓ கழிவுத் தண்ணீரைத்தான் தினமும் ஊற்றுகிறேன்.

பதில்: பிரிக்க வேண்டாம் அம்மா. பக்கத்து ஷீட்டுகளை மட்டும் இந்த வாரமே கழற்றிவிடுங்கள். கூரை இருக்கட்டும். ஜூனுக்கு மேல் அதன் அருமை தெரியும்.

நாலு பக்கமும் மூடிய குடில் குளிர்நாட்டுக்காரர்களின் தேவையிலிருந்து பிறந்தது. பனிக்காலத்தில் வெயிலின் சூட்டைப் பிடித்து வைத்துச் செடியைக் காப்பாற்ற அவர்களுக்கு அது வேண்டும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் இதமான ஊர் என்று பெயர் வாங்கியிருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில்கூட இங்கே சாதாரணமாக 15, 16 டிகிரிதான். அந்தக் குளிர் தக்காளியை ஒன்றும் செய்யாது. ஆனால் இதே ஊரில் 2016 ஏப்ரலில் வெப்பம் 39.2 டிகிரியைத் தொட்டது. நமக்குச் செடியைச் சூடாக வைத்துக்கொள்ளும் கவலை வருஷத்தில் ஒரு நாளும் கிடையாது. நம் கவலை மூன்று: கோடை வெயில், செப்டம்பர் மழை, பூச்சி. குடிலை இந்த மூன்றுக்காக மட்டும் மாற்றி அமைத்தால் போதும்.

முதலில் பூ உதிர்வதைப் பார்ப்போம். உதிர்ந்த பூ ஒன்றைக் கையில் எடுத்துக் காம்பைப் பாருங்கள். தக்காளிப் பூக்காம்பின் நடுவில் விரல் முட்டி மாதிரி ஒரு சின்னக் கணு இருக்கும். அந்த இடம் மஞ்சளாகி, அங்கேயே சுத்தமாகக் கழன்றிருக்கும். பூச்சி கடித்த தடமோ அழுகலோ இருக்காது. கருவுறாத பூவைச் செடி தானே கழற்றிப் போடுகிறது என்று அர்த்தம். பகலில் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். இரவிலும் வெக்கை அடங்காவிட்டால் இன்னும் மோசம். காற்று நடமாட்டம் இல்லாத இடத்தில் ஈரப்பதம் ஏறி மகரந்தம் ஒட்டிக்கொண்டு உதிராமலும் போகும். உரம் போதவில்லை என்று நினைத்து டிஏபி, யூரியா எதையும் போட்டுவிடாதீர்கள். இந்த நேரத்தில் தழைச்சத்து கூடினால் இலைதான் கொழுக்கும், பூ இன்னும் உதிரும்.

மாடிக் குடிலுக்கென்று தனியாக ஒரு கஷ்டம் உண்டு. அதை யாரும் சொல்லித் தருவதில்லை. மண் தரையில் போட்ட குடில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஆறத் தொடங்கிவிடும். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்கக் கக்கிக்கொண்டே இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு வெறுங்காலோடு குடிலுக்குள் நின்று பாருங்கள், புரியும். ஒரு சாதாரண தெர்மாமீட்டரைச் செடியின் உச்சி உயரத்தில், நேர் வெயில் படாமல் தொங்கவிட்டு மதியம் இரண்டு மணிக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கும் நாலு நாள் குறித்து வையுங்கள். பக்கங்களைத் திறப்பதற்கு முன் இரண்டு நாள், திறந்த பின் இரண்டு நாள். தளத்துக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடித்தால் இந்தச் சூடு கணிசமாகக் குறையும். பைகளைத் தளத்தில் நேராக வைக்காமல் இரண்டிரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். வேருக்குச் சூடு ஏறாது, தண்ணீரும் தேங்காமல் வடியும்.

பக்கத்து ஷீட்டைக் கழற்றிய இடத்தில் 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) இன்செக்ட் நெட், அதாவது பூச்சித் தடுப்பு வலை, கட்டுங்கள். வெள்ளை ஈயையும் காய்ப்புழுவின் தாயான அந்துப்பூச்சியையும் அது பெரும்பாலும் வெளியே நிறுத்திவிடும். அதைவிட நெருக்கமான வலை கிடைக்கிறதே என்று வாங்க வேண்டாம். காற்று அடைபட்டு, பழையபடி புழுக்கம் வந்து சேரும். கூரையின் உச்சியில், நீளவாக்கில் ஓரடி அகலத்துக்கு ஷீட்டை விலக்கி அங்கேயும் வலை போட்டு, அதன் மேல் அரை அடி உயர்த்தி ஒரு தொப்பிபோல ஷீட் வைக்கச் சொல்லுங்கள். சூடான காற்று மேலே ஏறும். அது வெளியேற வழி அங்கேதான் இருக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது.

ஷேட் நெட் எனும் நிழல் வலை பிப்ரவரி முதல் மே வரை மட்டும் போதும். வெயிலில் பாதியை மறைக்கும் 50 சதவீத வலை எடுங்கள். 75 சதவீதம் பெரணி, ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்கு. அதன் கீழ் தக்காளி கொடியாக நீளுமே தவிரக் காய்க்காது. பெரும்பாலானோர் வலையைக் குடிலுக்கு உள்ளே கட்டுகிறார்கள். வெயில் ஷீட்டைத் தாண்டி உள்ளே வந்த பிறகு வலையில் பட்டு என்ன பயன்? சூடு உள்ளேதானே தங்கும்? ஷீட்டுக்கு மேலே, ஓரடி இடைவெளி விட்டு, இழுத்து விலக்கக்கூடிய மாதிரி கட்டுங்கள். மழை மூட்டமான நாளில் சுருட்டி வைத்துவிடலாம்.

வலைக்குள் தேனீ வராது, அது நினைவிருக்கட்டும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் தேனீ கட்டாயமில்லை. காலை ஒன்பது, பத்து மணிக்குப் பூங்கொத்தின் காம்பை விரலால் இரண்டு சுண்டு சுண்டினால் போதும். சுரை, பாகல், சாதா வெள்ளரி வைத்தால் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் நீங்கள்தான் தடவ வேண்டும்.

இப்போது இலைச் சுருட்டல். இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். மேல்நோக்கிக் கிண்ணம் மாதிரி மடிந்திருந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்த்த படகு மாதிரி வளைந்து, இலைக்காம்பும் நீண்டிருந்தால் மஞ்சள் சிலந்திப்பேன். ஒரு வெள்ளைத் தாளை இலைக்குக் கீழே பிடித்துக்கொண்டு கொழுந்தை நாலு தட்டுத் தட்டுங்கள். வெளிர் மஞ்சளில், ரவையைவிட மெல்லிய துணுக்குகள் விழுந்து நகர்ந்தால் அது இலைப்பேன். சிலந்திப்பேன் வெறும் கண்ணுக்கு அகப்படாது. சுருள்கிற திசையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இலைப்பேன் என்றால் சுருண்ட நுனிகளைக் கிள்ளி, கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல். வெயில் இறங்கிய பின் இலையின் அடிப்பக்கம் நனையும்படி, வாரம் ஒரு தடவையாக மூன்று தடவை. இலைப்பேனுக்கு நீல ஒட்டுப்பொறி, வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிடலாம். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம். ஆனால் வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடிக்கக் கூடாது, உச்சி வெயில் நாட்களிலும் கூடாது. இலை கருகிப் போகும். தக்காளியில் ஏதாவது செடி நுனி குறுகி, இலை சிறுத்து, ஓரம் மஞ்சளாகிச் சுருண்டிருந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். மருந்து கிடையாது. மனசு கேட்காது, தெரியும். வேரோடு பிடுங்கிவிடுங்கள், மற்றவை பிழைக்கும்.

காற்றைப் பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒரு ஏப்ரல் சாயங்காலம், கல்யாண் நகரில் ஒரு மாடியில் குடில் பார்க்கப் போயிருந்தேன். கோடைமழைக்கு முன்னால் வரும் அந்தக் காற்று வந்தது. ஒரு பக்கத்துக் கதவு திறந்திருந்தது. குடில் முழுக்கக் காற்று நிறைந்து ஷீட் உப்பி, சட்டத்தின் இரண்டு கால்கள் தளத்தைவிட்டு ஒரு சாண் எழும்பியதைப் பார்த்தேன். வீட்டுக்காரரும் நானும் பைப்பைப் பிடித்துத் தொங்கினோம். கீழே தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் யார் மாடிக் குடில் போட்டாலும் நான் முதலில் கால்களைத்தான் பார்ப்பேன். பெங்களூர்க் கட்டடங்களுக்குக் கணக்கில் எடுக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 33 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர். தளத்தில் துளை போட்டு போல்ட் அடித்தால் மழைக்காலத்தில் கீழ்வீட்டுச் சீலிங் ஒழுகும். கைப்பிடிச் சுவரின் உள்பக்கத்தில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். மற்ற கால்களைக் கான்கிரீட் நிரப்பிய பெயின்ட் வாளிக்குள் நிறுத்துங்கள். பக்கங்கள் வலையாக இருந்தால் காற்று பெருமளவு ஊடுருவிப் போய்விடும், தூக்கும் வேகமும் குறையும்.

அப்புறம் எடை. ஆட்கள் ஏறிப் புழங்கும் தட்டைக் கூரைக்கு, கட்டடங்கள் தாங்க வேண்டிய பாரத்தைச் சொல்லும் ஐஎஸ் 875 எனும் இந்தியத் தர விதி வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன். சுமார் 150 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 அங்குல அகலம், 12 அங்குல உயரமுள்ள ஒரு பையில் சுமார் 22 லிட்டர் பிடிக்கும். வெறும் செம்மண் நிரப்பி நனைத்தால் 35 கிலோவுக்கு வரும். ஒரு சதுர மீட்டரில் நாலு பை வைத்தால் கணக்கு முடிந்தது. உங்கள் 30 பைகளையும் பரவலாக வைத்தால் பயமில்லை; ஒரு மூலையில் இரும்பு ரேக் போட்டு அடுக்கடுக்காக ஏற்ற வேண்டாம். அடுத்த தடவை செம்மண், மக்கிய உரம், கோகோ பீட் (தேங்காய் நார்த்தூள்) மூன்றையும் சம அளவில் கலந்தால் பை நனைந்த பிறகும் சுமார் 25 கிலோதான் இருக்கும். வைப்பது சுவருக்கும் பீமுக்கும் மேலாக இருக்கட்டும்.

இந்தப் பருவத்தில் தக்காளியிடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். மே வரை ஷேட் நெட்டுக்குக் கீழே கீரை, கொத்தமல்லி போடுங்கள். வெண்டை, கத்தரியைக் குடிலுக்கு வெளியே வெயிலில் வையுங்கள். குடைமிளகாய்க்கு ஜூன் கடைசியிலும் தக்காளிக்கு ஜூலை முதல் வாரத்திலும் புரோட்ரேயில் (நாற்று வளர்க்கும் குழித்தட்டு) விதை போடுங்கள். தக்காளி நாற்று 25 நாளில் தயாராகும், குடைமிளகாய்க்கு 35, 40 நாள் பிடிக்கும். செப்டம்பர், அக்டோபரில்தான் இங்கே மழை கொட்டும். அப்போது திறந்த மாடியில் இருக்கும் தக்காளி இலை நாள் முழுக்க நனைந்தே கிடந்து கருகல் நோய் வரும். உங்கள் செடி கூரைக்கடியில் இலை காய்ந்து நிற்கும். தண்ணீரையும் வேருக்கு மட்டும் ஊற்றுங்கள், இலையில் தெளிக்காதீர்கள். விதைக்கு ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் ரகத்தை நான் பரிந்துரைப்பேன். இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், முன்கருகல் மூன்றையும் தாங்கும் வீரிய ஒட்டு ரகம். அதனால் பழத்திலிருந்து விதை எடுத்து மறுபடி போட்டால் அதே குணம் வராது.

புல்தரை மஞ்சளாவதற்குக் காரணம் அந்த ஆர்ஓ கழிவுத் தண்ணீர்தான் என்று நினைக்கிறேன். மண்ணைக் கீறிப் பாருங்கள், வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். வடிகட்டியில் நின்ற உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் போகிறது. அதைத் தரை துடைக்க, பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். குழாய்க் குடிநீரை ஊற்றவும் சொல்ல மாட்டேன். 2024 மார்ச்சிலும் 2025 பிப்ரவரியிலும் பெங்களூர் குடிநீர் வாரியம் தோட்டத்துக்குக் குடிநீர் விடுவதைத் தடை செய்து 5,000 ரூபாய் அபராதம் அறிவித்தது.

தண்ணீர் உங்கள் குடில் கூரையிலேயே இருக்கிறது. 10க்கு 12 என்றால் 11 சதுர மீட்டர். 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 200 லிட்டருக்கு மேல் வழியும். கூரைச் சரிவின் ஓரத்தில் அரைவட்ட பிவிசி பைப் ஒன்றைக் கட்டி, மாடிப் படிக்கட்டுச் சுவரை ஒட்டி ஒரு 200 லிட்டர் டிரம்மில் விடுங்கள். நிறைந்தால் அதுவே 200 கிலோ, அதனால் சுவர் மேல் பாரம் இறங்கும் இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். கொசு வராமல் வாயை அதே இன்செக்ட் நெட்டால் கட்டிவிடுங்கள். முதல் இரண்டு கோடைமழைத் தண்ணீரைப் புல்தரைக்கு நன்றாக இறங்கும்படி விடுங்கள், உப்பு அடியில் போகும். புல்லை இரண்டு அங்குலத்துக்குக் கீழே வெட்டாதீர்கள்.