மாடி அறைக்கு வைஃபை எட்டவில்லை: புது ரவுட்டரா, கேபிளா?

கேள்வி: எங்கள் வீடு கீழ்த்தளமும் மாடியும் கொண்ட கான்கிரீட் வீடு. 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பின் பெட்டி கீழே வாசலை ஒட்டிய அறையில் இருக்கிறது. அதன் அருகில் முழு வேகம் கிடைக்கிறது. மாடியின் பின்னறையில் காணொளிக் கூட்டம் அடிக்கடி அறுந்துபோகிறது. கடைக்காரர் வைஃபை 7 ரவுட்டர் வாங்கச் சொல்கிறார். இணைப்பு நிறுவனம் 500 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறச் சொல்கிறது. உறவினர், வைஃபை அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் எக்ஸ்டெண்டர் போதும் என்கிறார். எதைச் செய்வது?

பதில்: மூன்றையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். பெட்டிக்கு அருகில் முழு வேகம் கிடைக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே வீட்டுக்குள் வந்துசேரும் இணைப்பில் குறையில்லை, அதற்குப் பிறகு அலை கடக்கும் சுவர்களிலும் தளத்திலும்தான் குறை இருக்கிறது. திட்டத்தை 500 ஆக உயர்த்தினால் கீழறையில் 500 கிடைக்கும், மாடியில் இன்று கிடைப்பதே கிடைக்கும். காணொளிக் கூட்டத்துக்கு 4 அல்லது 5 எம்பிபிஎஸ் சீராக வந்தாலே போதும் என்பது திட்டம் விற்பவருக்குத் தெரியாத செய்தியல்ல.

கடைக்காரரின் யோசனைக்கு வருவோம். விலை உயர்ந்த ரவுட்டர் தளத்தைத் துளைத்துக்கொண்டு போகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ரவுட்டர் எவ்வளவு வலிமையாக ஒலிபரப்பலாம் என்பதற்குச் சட்டப்படியே வரம்பு உண்டு. மலிவான கருவிகளில் பலவும் அந்த வரம்பை ஒட்டியே இயங்குகின்றன. மேலும், ரவுட்டர் உரக்கப் பேசினால் மட்டும் ஆகாது, உங்கள் மடிக்கணினி மாடியிலிருந்து பேசுவதும் அதன் காதில் விழ வேண்டும். மடிக்கணினியின் ஆன்டெனாவை எந்த ரவுட்டராலும் பெரிதாக்க முடியாது. வைஃபை 7 தரும் பெருவேகத்தின் பெரும்பகுதி 6 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலிருந்து வருகிறது. வழக்கில் உள்ள மூன்று அலைவரிசைகளில் 2.4 நெடுந்தூரம் போகும், 5 அதைவிடக் குறைவாகப் போகும், 6 சுவரைக் கண்டால் எல்லாவற்றிலும் விரைவாக ஓய்ந்துவிடும். உங்கள் சிக்கலுக்கு இது நேர் எதிரான மருந்து. வைஃபை 7 என்று அச்சிட்டு 6 ஜிகாஹெர்ட்ஸ் வசதியே இல்லாமல் விற்கப்படும் ரவுட்டர்களும் இருக்கின்றன என்பது தனிக் கூத்து.

அட்டைப்பெட்டி எண்களையும் நம்பாதீர்கள். வைஃபை 6 ரவுட்டரின் பெட்டியில் ஏஎக்ஸ்3000 என்று இருந்தால், அது 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 574 எம்பிபிஎஸ், 5 ஜிகாஹெர்ட்ஸில் 2402 எம்பிபிஎஸ் என்ற இரு உச்ச எண்களையும் கூட்டி முழுமையாக்கிய தொகை. ஒரு கைப்பேசிக்கு அந்த 3000 ஒருநாளும் கிடைக்காது. இப்படிக் கூட்டிப் போடுவதை ஊரறிய அனுமதித்துவிட்டு, வாங்குபவர் விவரம் அறிந்து வாங்க வேண்டும் என்று உபதேசிக்கும் ஏற்பாட்டின் மேல் எனக்குப் பொறுமை போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஏசி1200 என்று பெரிதாக அச்சிட்ட மலிவு ரவுட்டர்கள் பலவற்றில் கேபிள் துளைகள் 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு மேல் போகாதவை. அதை வாங்கினால் உங்கள் 200 அங்கேயே பாதியாகிவிடும். எப்போதாவது ரவுட்டர் வாங்க நேர்ந்தால், துளைகள் ஜிகாபிட் வகையா (1000 எம்பிபிஎஸ்) என்று மட்டும் கேளுங்கள். வைஃபை 6 ரவுட்டர் உங்களுக்குத் தாராளம்.

உங்களுக்குத் தேவை, மாடியிலேயே ஒரு வைஃபை மூலம். கீழிருக்கும் பெட்டியிலிருந்து ஒரு ஈதர்நெட் கேபிளை மாடிக்கு இழுத்து, அதன் முனையில் ஓர் ஆக்சஸ் பாயின்டையோ (கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும் கருவி) பழைய ரவுட்டரையோ வையுங்கள். பெட்டியை வீட்டின் நடுவில் பொருத்தியிருந்தால் இத்தனை பாடு வந்திராது. ஆனால் துளையிட வசதியான சுவர் எதுவோ அதுவே பெட்டிக்கு உகந்த இடம் என்பது பொருத்த வருபவர்களின் எழுதாத விதி.

கேபிள் விஷயத்தில்தான் ஏமாற்று அதிகம். கேட் 5இ வகையே 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட் வேகம் தரும்; கேட் 6 வாங்கினால் பின்னாளுக்கும் ஆகும். கேட் 8 வேண்டும் என்பவர் உங்கள் பணப்பையை அளக்கிறார். எந்த வகையானாலும் முழுச் செம்புக் கம்பியாக இருக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய கம்பியை அதே பெயரில் விற்கிறார்கள். அது முனையில் எளிதில் ஒடியும், நீண்ட தூரத்தில் தடுமாறும், கேபிள் வழியாகவே மின்சாரம் எடுக்கும் கருவிகளை மாட்டினால் சூடேறும். ஒரு கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அந்தச் சுருளைத் திருப்பிக் கொடுங்கள். சுவருக்குள் போய்விட்ட பிறகு கண்டுபிடித்துப் பயனில்லை. எட்டுக் கம்பிகளையும் முனையில் சேர்க்கச் சொல்லுங்கள். நான்கை மட்டும் சேர்த்தாலும் இணைப்பு வரும், ஆனால் 100-ஐத் தாண்டாது. வேலை முடிந்ததும் கணினியை மாட்டி, இணைப்பு வேகம் 1000 என்று காட்டுகிறதா என்று பார்த்த பிறகே கூலியைக் கொடுங்கள். மின்கம்பி போகும் அதே குழாயில் இதை நுழைக்க விடாதீர்கள்.

பழைய ரவுட்டரை மாடியில் வைப்பதானால் அதன் அமைப்புப் பக்கத்தில் ஆக்சஸ் பாயின்ட் என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதன் டிஹெச்சிபி வசதியை (கருவிகளுக்குத் தானாக வலை முகவரி வழங்குவது) அணைத்து, முகவரியைக் கீழ்ப்பெட்டியின் முகவரியோடு மோதாதபடி மாற்றி, கேபிளை வான் (WAN, இணையம் உள்ளே வரும்) துளையில் செருகாமல் லேன் (LAN, வீட்டுக் கருவிகளுக்கான) துளையில் செருகுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கீழும் மேலும் ஒன்றாக இருக்கட்டும். 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கு, ஒன்றையொன்று இடிக்காதபடி, 1, 6, 11 ஆகிய சேனல்களில் கீழே ஒன்று, மேலே வேறொன்று.

கேபிள் இழுக்கவே முடியாத வீடுகள் உண்டு: வாடகை வீடு, துளையிட உரிமையாளர் சம்மதிக்காத வீடு. அங்கே மெஷ் கருவிகளை (தமக்குள் வைஃபையால் பேசி ஒரே வலையாக இயங்குபவை) வாங்கலாம், ஆனால் இரண்டாவது கருவியை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வைஃபை எட்டாத அறையிலேயே அதைக் கொண்டுபோய் வைப்பவர்களே அதிகம். அந்தக் கருவிக்கே அலை எட்டாதபோது அது எதை எடுத்துப் பரிமாறும்? பாதி வழியில், மாடிப்படியின் திருப்பத்தில், கீழ்ப்பெட்டியின் அலை இன்னும் வலுவாக இருக்கும் இடத்தில் வையுங்கள். படிக்கட்டின் திறப்பு வழியாக அலை கான்கிரீட்டைச் சுற்றிக்கொண்டு போகும். இரும்பு அலமாரிக்குப் பின்னாலும் பெரிய முகம் பார்க்கும் கண்ணாடிக்கு அருகிலும் வேண்டாம். மூன்று அலைவரிசை கொண்ட மெஷ் என்றால், கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள ஒன்றை ஒதுக்கிவைக்க முடியும். உறவினர் சொல்லும் மலிவு எக்ஸ்டெண்டர் ஒரே அலைவரிசையில் கேட்பதையும் திருப்பிச் சொல்வதையும் மாறி மாறிச் செய்வதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது, தாமதமும் கூடுகிறது. வாசல் கேமரா ஒன்றுக்கு அது போதும், உங்கள் கூட்டத்துக்குப் போதாது. தொலைக்காட்சிக்கான கோஆக்சியல் கம்பி ஏற்கெனவே மாடிக்குப் போயிருந்தால், அதன் இரு முனையிலும் மோகா (கோஆக்சியல் கம்பியில் இணையத் தரவை அனுப்பும் முறை) அடாப்டர் மாட்டி அதையே ஈதர்நெட் வழியாக்கலாம். மெஷ்ஷைவிட அது உறுதியானது. அந்தக் கம்பியில் இப்போது எதுவும் ஓடவில்லை என்பதை மட்டும் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பொருத்த வந்தவர் கிளம்புவதற்கு முன், இரு கருவிகளிலும் அமைப்புப் பக்கத்துக்கான கடவுச்சொல்லை நீங்களே மாற்றுங்கள், டபிள்யூபிஎஸ் வசதியை (பொத்தானாலோ பின் எண்ணாலோ வைஃபையில் இணைய விடுவது) அணையுங்கள். அந்தக் கடவுச்சொல் நிறுவனத்திடம்தான் இருக்கும், வாடிக்கையாளருக்குத் தருவதில்லை என்று அவர் சொன்னால், பெட்டியின் வைஃபையை மட்டும் அணைத்துத் தரச் சொல்லி, உங்கள் சொந்த ரவுட்டரை அதன் லேன் துளையில் மாட்டிக்கொள்ளுங்கள்.