ரிச்மண்டில் எரிந்தது எது?

கேள்வி: ஃபுளோரிடாவின் ரிச்மண்ட் கடற்படைத் தளத்தில் 1945-இல் 25 ஆகாயக் கப்பல்கள் (வாயு நிரப்பிப் பறக்கவிடும் பெரிய ஊர்திகள்) ஒரே நாளில் எரிந்து போனதாகப் படித்தேன். 1937-இல் ஜெர்மன் ஆகாயக் கப்பல் ஹிண்டன்பர்க் எரிந்ததைப் பார்த்த பிறகும் அமெரிக்கா இவற்றைக் கட்டியது முட்டாள்தனம்தானே?
– சேலம் வாசகர்

பதில்: இல்லை. ஹிண்டன்பர்க்கில் இருந்தது ஹைட்ரஜன், ரிச்மண்டில் இருந்தது ஹீலியம். ஹீலியம் தீப்பிடிக்காது. அங்கே பற்றிக்கொண்டது கொட்டகை. போர்க்காலத்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு என்பதால் ஆயிரம் அடிக்கு மேல் நீளமுள்ள மூன்று கொட்டகைகளை மரத்தால் எழுப்பியிருந்தார்கள். செப்டம்பர் 15 அன்று புயல் வருகிறது என்றதும், இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது என்று நம்பி, மற்ற தளங்களின் விமானங்களையும் கொண்டுவந்து உள்ளே அடைத்தார்கள். காற்று கூரையைப் பெயர்த்தது, தீப்பிடித்தது, மூன்று கொட்டகைகளும் போயின. கூடவே 366 விமானங்களும் எரிந்தன. அதற்காக விமானம் கட்டியது முட்டாள்தனம் என்பீர்களா?

சரி, இந்த ஆகாயக் கப்பல்கள் என்னதான் செய்தன? 1942-இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் ஃபுளோரிடா கரையை ஒட்டியே வந்து எண்ணெய்க் கப்பல்களைத் தாக்கின, மியாமியின் விளக்கு வெளிச்சமே அவற்றுக்கு இலக்கைக் காட்டிக்கொடுத்தது. அந்தச் செப்டம்பரில்தான் ரிச்மண்ட் தளம் தொடங்கியது. சுமார் 250 அடி நீளமுள்ள கே ரக ஆகாயக் கப்பல், சரக்குக் கப்பல்களின் வேகத்துக்கே இறங்கி, மணிக்கணக்காக அவற்றின் தலைக்கு மேலேயே வரும். விமானத்தால் அது முடியாது. மேலே காவல் இருந்தால் நீர்மூழ்கி வெளியே வராது, தண்ணீருக்குள் பாட்டரியில் ஊர்ந்துகொண்டு கப்பல்களைத் துரத்தவும் அதால் ஆகாது. எத்தனை நீர்மூழ்கிகளை மூழ்கடித்தது என்று மட்டும் கேட்பவர்களுக்கு இந்த வேலை கண்ணிலேயே படாது.

1943 ஜூலை 18 இரவு, ரிச்மண்டிலிருந்து கிளம்பிய கே-74, யு-134 என்ற நீர்மூழ்கியை ரேடாரில் கண்டது. அருகில் கப்பல்கள் வந்துகொண்டிருந்ததால், விலகி நிற்க வேண்டும் என்ற விதியை மீறி நேராகப் பாய்ந்தது. குண்டுகள் கழன்று விழவில்லை. எதிரி சுட்டதில் வாயு உறை கிழிந்து மெல்லக் கடலில் இறங்கியது. விழுந்தவர்கள் இரவெல்லாம் தண்ணீரில் கிடந்தார்கள், மறுநாள் மீட்புக்கு ஆள் வரும் நேரத்தில் ஒருவரைச் சுறா கொண்டுபோனது. போர் முழுவதிலும் எதிரி சுட்டு வீழ்த்திய அமெரிக்க ஆகாயக் கப்பல் இது ஒன்றுதான். யு-134 ஊர் திரும்பவில்லை, அடுத்த மாதமே அத்தனை பேரோடும் மூழ்கடிக்கப்பட்டது.

ரிச்மண்ட் தளம் இருந்த நிலத்தில் இப்போது மியாமி மிருகக்காட்சி சாலையும் ஒரு ரயில் அருங்காட்சியகமும் இருக்கின்றன. நடுவில், 1960-களில், கியூபாவின் காஸ்ட்ரோவுக்கு எதிரான சி.ஐ.ஏ.வின் ரகசிய வேலைகளும் அங்கிருந்துதான் நடந்தன. அதைத் தனியாகக் கேளுங்கள், எழுதுகிறேன்.